கழுவிய காருக்குள் ஒரு கடதாசி விரிப்பு

வாகனத்தைக் கழுவி, உட்புறத்துக்கு ஷெம்பூ போட்டு, மெருகேற்றிக் கொடுக்கும் 'டீடெய்லிங்' தொழிலில் நம்மவர்கள் பலர் இறங்கியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில், கையிலிருக்கும் வாகனத்தைப் பொன்போலப் பேண மக்கள் பழகிக்கொண்டார்கள். உட்புறத் துப்புரவுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர், வாகனத்தைத் திருப்பி எடுக்கும்போது கண்ணை மேயவிட்டுத்தான் எடுப்பார்.

அவர் முதலில் பார்ப்பது எதை? கதவைத் திறந்து காலை வைக்குமுன் சாரதி பக்கத்துத் தரையைப் பார்க்கிறார். அங்கே ஈரச் செருப்பின் அடையாளம் ஒன்று கிடந்தால், நான்கு மணித்தியாலம் பாடுபட்டது வீண். கூரையைத் துடைத்ததும் சீட்டைக் கழற்றிக் கழுவியதும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கால் யாருடையது என்று பாருங்கள். பெரும்பாலும் நமது வேலைப் பொடியனுடையதுதான். கழுவும் இடத்திலிருந்து காயவைக்கும் இடத்துக்கு ஒரு தடவை, அங்கிருந்து பொலிஷ் போடும் இடத்துக்கு ஒரு தடவை, கடைசியில் வாசலுக்கு ஒரு தடவை என்று அவன் வாகனத்தில் ஏறி இறங்குகிறான். காலில் சவர்க்கார நீரும் டயர் கறுப்பும் இருக்கும். அவனை ஏசிப் பயனில்லை, காலுக்குக் கீழே ஏதாவது விரித்துக் கொடுப்பது முதலாளியின் பொறுப்பு. ஒருமுறை பாவித்து வீசும் விரிப்பு இதற்காகத்தான் வந்தது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு தாள் 20 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு தாளுக்கு 80 ரூபா. வேலைக்கூலி 12,000 ரூபா என்றால் இது நூற்றுக்கு ஒரு ரூபாகூட இல்லை. அழுக்கான கார்ப்பட்டை மறுபடி கழுவ ஒரு பொடியனின் நேரமும், அது காயும்வரை ஓரிடமும் போய்விடும். வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தால் கதை வேறு.

எதை விரிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இலகுவாகக் கிடைப்பது பழைய பத்திரிகைத் தாள். அது வேண்டாம். ஈரம் பட்டால் மை கழன்று பீஜ் நிறக் கார்ப்பட்டில் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நமது பத்திரிகைகளில் குர்ஆன் வசனமும் ஹதீஸும் வருகின்றன. போயா தினத்துச் சிங்களப் பத்திரிகையில் புத்தரின் படம் இருக்கும். கோயில் திருவிழாப் படங்களும் அப்படியே. இவற்றில் எதையும் யாருடைய காலுக்கடியிலும் போட நமக்கு உரிமையில்லை. வேற்று மத வாடிக்கையாளர் தன் வாகனத்தில் அப்படி ஒன்றைக் கண்டுவிட்டால், நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று எப்படி விளங்கவைப்பீர்கள்?

அடுத்தது பொலித்தீன். மெல்லியது மலிவாகக் கிடைக்கும். ஆனால் 20 மைக்ரோன் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனுக்கு 2017 செப்டெம்பரில் தடை வந்தது. ஆகவே விற்பவரிடம் தடிப்பைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சட்டத்தை விட்டாலும் ஈரப் பிரச்சினை இருக்கிறது. ஷெம்பூ போட்ட கார்ப்பட்டின் மேற்பக்கம் காய்ந்ததுபோல் தெரியும். கீழேயுள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அதன்மேல் பொலித்தீனை மூடி, கண்ணாடியையும் ஏற்றிவிட்டால் ஆவி போக வழியில்லை. நமது நாட்டுச் சூட்டுக்கும் ஈரக்காற்றுக்கும் இரண்டொரு நாளில் பூஞ்சண வாடை கிளம்பும். துப்புரவுக்குக் கொடுத்த வாகனம் முன்பைவிட நாறுகிறதென்று மனுசன் திரும்பி வருவார். வெள்ளை டிஷ்யூ ஒன்றை வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். டிஷ்யூ நனைந்தால் இன்னும் காயவில்லை. கதவுகளைத் திறந்து மின்விசிறியைப் போடுங்கள்.

ஒட்டும் பொலித்தீன் சுருளும் உண்டு. வழுக்காது, நன்றாகப் பிடித்து நிற்கும். ஆனால் நன்கு காய்ந்த கார்ப்பட்டுக்கு மட்டும்தான் சரி. வெயிலில் பல நாள் கிடந்தால் பசை கார்ப்பட்டிலேயே தங்கிவிடும். எனது தெரிவு, பள்ளிக் கொப்பிக்கு உறை போடுகிறோமே, அந்த மாதிரியான தடித்த பிரவுண் பேப்பர். ஈரத்தை உறிஞ்சும், காற்றை முழுதாக அடைக்காது. நனைந்தால் கிழியும்தான். கிழிந்தால் வேறொன்று போட வேண்டியதுதான், அதற்காகத்தானே மலிவான பொருளை எடுக்கிறோம். வேலை நடக்கும்போது ஒரு தாள், ஒப்படைக்கும்போது புதிதாக இன்னொன்று என்று வழக்கப்படுத்துங்கள்.

இனிச் சொல்வதைக் கவனமாக வாசியுங்கள். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகருக்கு அருகே ஒரு விபத்து நடந்தது. தன் வாகனத்தை சேர்விஸுக்குக் கொடுத்த ஒருவருக்கு விற்பனை நிலையம் தற்காலிகமாக ஒரு லெக்ஸஸ் காரைக் கொடுத்திருந்தது. அதில் வேறொரு மொடலுக்குரிய இறப்பர் மெட் போடப்பட்டிருந்தது. எக்ஸலரேட்டர் அந்த மெட்டில் சிக்கி, வாகனம் நிற்காமல் பாய்ந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். மறுமாதமே டொயோட்டா கம்பனி அமெரிக்காவில் சுமார் 38 இலட்சம் வாகன உரிமையாளர்களுக்கு, சாரதி பக்க மெட்டைக் கழற்றிவிடும்படி அறிவித்தது. வேகக் கோளாறுகள் பற்றி வாடிக்கையாளருக்குச் சரியானதைச் சொல்லாத விவகாரத்தில் 2014இல் 120 கோடி டொலர் கட்ட இணங்கியது.

தடித்த இறப்பரைப்போல் கடதாசி பெடலைப் பூட்டிப்போடாது. ஆனால் குதிகாலுக்கடியில் வழுக்கும், சுருண்டு பெடல் பக்கம் ஏறும், பிரேக்குக்குப் போகவேண்டிய கால் தடுமாறும். கழுவிய பிறகு வாகனத்தின் சொந்த மெட்டைக் கொக்கியில் மாட்டாமல் சும்மா போட்டு, அதன்மேல் தாளை விரிப்பது இன்னும் மோசம். ஒரு மெட்டின்மேல் இன்னொரு மெட்டைப் போடுவதும் கூடவே கூடாது. ஆகவே பொடியன்மாரிடம் முதலில் கொக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். தாளின் முன்விளிம்பு பெடல்களுக்குக் கீழே போகாதபடி குட்டையாக வெட்டுங்கள்.

சாரதி பக்கத்துத் தாளை வாடிக்கையாளரின் கண்முன்னாலேயே எடுத்துவிடுங்கள். கதவைத் திறந்து, தாளை உருவி, "இப்போது ஏறுங்கள்" என்று சொல்லுங்கள். கீழே கார்ப்பட் பளிச்சென்று தெரியும். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, செய்த வேலைக்கு அத்தாட்சிக்கு அத்தாட்சி. மற்ற மூன்று பக்கத்துத் தாளும் வீடுவரை போகட்டும், பிள்ளைகளின் சப்பாத்து மண்ணை அவை தாங்கும்.

தாளில் கடைப் பெயரை அச்சடிக்கலாமா என்று கேட்பீர்கள். தொலைபேசி இலக்கத்தோடு அடித்தால் நல்ல விளம்பரம்தான். ஆனால் நம்மவர்களின் கடைப் பெயர்களை நினைத்துப் பாருங்கள். மக்கா, மதீனா, பிஸ்மில்லா என்று வைத்துவிட்டு அதையே காலால் மிதிக்கக் கொடுக்க முடியுமா? அப்படிப் பெயருள்ளவர்கள் தாளை வெறுமையாக விட்டு, இலக்கத்தைச் சாவியோடு கொடுக்கும் அட்டையில் அடியுங்கள். பெயர் பொதுவானதாக இருந்தாலும் முதல் மாதம் அச்சடிக்காத தாளையே வாங்கி, சின்னக் காருக்கும் வேனுக்கும் என்ன அளவு பொருந்துகிறதென்று வெட்டிப் பாருங்கள். அளவு சரிவந்த பிறகு அச்சகத்துக்குப் போகலாம்.