டிராக்டருக்கு வெளிக்கடை ஏர் பில்டர் மாட்டலாமா?

புழுதி உழவின்போதும், ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், களத்தில் கதிரடிக்கும்போதும் டிராக்டரைச் சுற்றித் தூசி மண்டும். அந்தத் தூசி எஞ்சினுக்குள் போகாமல் காப்பது ஏர் பில்டர். கம்பெனி பில்டரின் விலையைப் பார்த்து, உதிரிபாகக் கடைகளில் விற்கும் வேறு தயாரிப்புகளை விவசாயிகள் பலர் வாங்கி மாட்டுகின்றனர். இதில் தவறில்லை. ஆனால், அளவு பொருந்தாத பில்டரை மாட்டினால், அதில் மிச்சமாகும் பணம் எஞ்சின் வேலையில் பல மடங்காகப் போய்விடும். கடனில் வாங்கிய டிராக்டர் உழவு நேரத்தில் ஒர்க்ஷாப்பில் நின்றாலும் தவணை நிற்காது.

தூசி செய்யும் கேடு

2,500 சி.சி. டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும்போது, நிமிடத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் காற்றை இழுக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு இது 1,20,000 லிட்டர். தூசியிலுள்ள நுண்மணல் இரும்பைவிடக் கடினமானது. சிறு இடுக்கு வழியே புகுந்தாலும் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். பிறகு எஞ்சின் ஆயில் குறையும், நீலப் புகை வரும், இழுவை குறையும், காலையில் ஸ்டார்ட் ஆவதும் சிரமமாகும்.

வாங்கும்போது

பழைய பில்டரைக் கடைக்குக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. டிராக்டர் மாடலை மட்டும் சொல்லி வாங்கக் கூடாது. பாக எண், உயரம், உள்விட்டம், வெளிவிட்டம் ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். காகித மடிப்புகள் சீரான இடைவெளியில் இருக்க வேண்டும். முனையிலுள்ள ரப்பர் வளையம் மிருதுவாக இருந்து, அழுத்தி விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். இருட்டில் பில்டருக்குள் டார்ச் விளக்கைப் பிடித்தால், ஊசித் துளையும் ஒட்டு விட்ட இடமும் வெளிச்சத்தில் தெரியும்.

எண்ணெய்த் தொட்டி உள்ள ஏர் கிளீனரில், கம்பி வலையை எடுத்துவிட்டுக் காகித பில்டரைத் திணிப்பது கூடவே கூடாது. மாற்றுவதானால் அந்த எஞ்சினுக்கு ஏற்ற கூடு, ஹோஸ் ஆகியவற்றுடன் முழுதாக மாற்ற வேண்டும். வாரண்டி முடியாத டிராக்டரானால் முதலில் டீலரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாட்டும் முறை

1. எஞ்சினை நிறுத்தி, கூட்டின் வெளிப்புறத் தூசியைத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

2. வெளி பில்டரைக் கழற்றியதும், உள் பில்டரை அசைக்காமல் கூட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உள் பில்டரைச் சுத்தம் செய்து மீண்டும் மாட்டக் கூடாது. மாற்ற வேண்டிய காலத்தில் புதிதே போட வேண்டும்.

3. ரப்பர் வளையம் சுற்றிலும் ஒரே சீராக உட்கார வேண்டும். ஆட்டினால் ஆடும் பில்டரை, துணியோ சைக்கிள் டியூப் துண்டோ சுற்றி இறுக்கி ஓட்டக் கூடாது. அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி.

4. ஹோஸில் வெடிப்பு இருந்தால் மாற்றி, கிளிப்புகளை இறுக்க வேண்டும். கூட்டின் அடியிலுள்ள ரப்பர் தூசி வால்வு கிழியாமல் இருக்க வேண்டும்.

சோதனை

புதிய பில்டருடன் 10 மணி நேரம் வேலை செய்த பிறகு, எஞ்சினை நிறுத்தி, பில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி அதன் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் மண் ஒட்டினால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் வயலில் இறங்கக் கூடாது.

பராமரிப்பு

வெளி பில்டரை டயரில் தட்டுவதும், டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் காகிதத்தைக் கெடுக்கும். கம்ப்ரசர் காற்றை 2 கிலோ அழுத்தத்துக்கு மிகாமல் உள்ளிருந்து வெளிப்புறமாகச் செலுத்த வேண்டும். தேவையின்றி அடிக்கடி கழற்றினால், கழற்றும்போதே தூசி உள்ளே போகும். அடைப்பைக் காட்டும் சிவப்பு அடையாளம் உள்ள டிராக்டரில், அது தெரியும்போது கழற்றினால் போதும்.

எண்ணெய்த் தொட்டி வகையில், புழுதியில் ஓட்டும் காலத்தில் தினமும் எண்ணெயைப் பார்த்து, சேறு படிந்து கெட்டியானதும் மாற்ற வேண்டும். குறியீட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த எண்ணெயை இழுத்துவிடும். குறைவாக ஊற்றினால் தூசி நிற்காது.

கம்பெனி பில்டரானாலும் வெளிக்கடை பில்டரானாலும், இடுக்கு இல்லாமல் பொருந்துவதுதான் எஞ்சினைக் காக்கும்.