மாதவிடாய் நிறுத்தக் காலத்தில் உணவும் உடற்பயிற்சியும்

இப்பகுதியில் வினா வந்தால் பல மாணவர்கள், விசேடமாக ஆண் மாணவர்கள், "போசாக்கான உணவு உண்ணல், உடற்பயிற்சி செய்தல்" என இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். எந்த உணவு, ஏன் என எழுதினாலே முழுப் புள்ளிகளை எதிர்பார்க்கலாம். உங்களிற் பலருடைய தாய்மார் இவ்வயதை நெருங்கிக்கொண்டிருப்பர் என்பதையும் மனதிற் கொண்டு படியுங்கள்.

பொதுவாக 45 – 55 வயதுக்கிடையில் சூலகங்களின் தொழிற்பாடு குறைந்து, வேறு காரணமின்றித் தொடர்ச்சியாக 12 மாதங்கள் மாதவிடாய் ஏற்படாதிருப்பது மாதவிடாய் நிறுத்தம் எனப்படும். இது நோயன்று. ஈஸ்திரஜன் ஓமோன் குறைவதால் திடீரென முகமும் கழுத்தும் சூடேறல், இரவில் வியர்த்தல், நித்திரையின்மை, எரிச்சல் போன்றவை தோன்றுகின்றன. இவை வெளியே தெரிவன. தெரியாதது என்பு நலிவு. என்பிலிருந்து கல்சியம் இழக்கப்படுவதை ஈஸ்திரஜன் கட்டுப்படுத்துகிறது. அது குறைந்ததும் முதற் சில ஆண்டுகளில் என்பின் அடர்த்தி விரைவாகக் குறைகிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பின்னரே பலர் இதனை அறிகின்றனர்.

மாதிரி வினா

49 வயதுடைய ஒரு தாய் வீட்டிலிருந்து தையல் வேலை செய்கிறார். இரவில் வியர்த்து விழித்துக்கொள்கிறார். சோறும் ஒரு கறியுமே அவரது பிரதான உணவு. சீனி சேர்த்த தேநீரைப் பலமுறை அருந்துகிறார்.

(அ) அவரது உணவில் செய்யத்தக்க மாற்றங்களைக் காரணத்துடன் விளக்குக.

விடை: இவ்வயதில் நாளொன்றுக்கு 1000 – 1200 மில்லிகிராம் கல்சியம் பல நாடுகளில் பரிந்துரைக்கப்படுகிறது. 100 கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேலும், ஒரு கோப்பை பசுப்பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராமும் உண்டு. எனவே காலையில் குரக்கன் பிட்டும் ஒரு கோப்பை பாலும் எடுத்தால் ஏறத்தாழப் பாதித் தேவை நிறைவேறும். மீதிக்கு முள்ளுடன் உண்ணும் நெத்தலி, தயிர், எள்ளு, முருங்கையிலை என்பவற்றைச் சேர்க்கலாம். விலை கூடிய மாப்பால் வகைகள் கட்டாயமல்ல. கல்சியம் அகத்துறிஞ்சப்பட விற்றமின் டீ தேவை. தோலில் வெயில் படும்போது அது உடலில் உருவாகிறது. தசை தேயாதிருக்கப் பயறு, கடலை, முட்டை, மீன் ஆகிய புரத உணவுகள் வேண்டும். சூடான பானமும் கடும் உறைப்பும் சிலருக்குச் சூடேறலைத் தூண்டுவதால் இரவில் அவற்றைக் குறைக்கலாம். சீனியையும் குறைக்க வேண்டும். இவ்வயதின் பின் இடுப்பைச் சுற்றிக் கொழுப்புச் சேர்வதும் இதயநோய் ஆபத்தும் கூடுகின்றன.

சோயா சூடேறலைக் குறைக்குமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல இல்லை. ஆதலால் அதனைப் புரத உணவாக மட்டும் எழுதுங்கள்.

(ஆ) பொருத்தமான உடற்பயிற்சி யாது?

விடை: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சியும், இரு நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஐந்து நாட்கள், நாளுக்கு 30 நிமிட விரைவு நடை போதும். என்பு வலுவடைய அது உடற்பாரத்தைத் தாங்க வேண்டும். ஆகவே நடத்தல், படியேறல், தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கல் சிறந்தவை. நீந்தல் இதயத்துக்கு நல்லது, என்புக்குப் பயன் குறைவு. "உடற்பயிற்சி சூடேறலை நிறுத்தும்" என எழுதவேண்டாம். நித்திரைக்கும் மனநிலைக்கும் உதவும் என்பதே சரி.

(இ) அவர் எப்போது வைத்தியரை நாட வேண்டும்?

விடை: அறிகுறிகள் அன்றாட வேலையைப் பாதித்தால் நாடலாம், ஓமோன் சிகிச்சை உட்பட மருத்துவ முறைகள் உண்டு. மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் மீண்டும் குருதி வெளியேறினால், சிறிதளவாயினும், தாமதியாது வைத்தியரிடம் காட்ட வேண்டும்.