விண்கலத்தை அரிக்கும் உயிர்வளி

மாணவர்களே, விண்வெளியில் காற்றே இல்லை என்று படித்திருப்பீர்கள். 400 கிலோமீட்டர் உயரத்தில் அது முழு உண்மையன்று. மிக மெல்லிய வாயு அங்கே உண்டு. அதில் பெரும்பங்கு உயிர்வளி, அதாவது ஆக்சிஜன். நாம் சுவாசிப்பதில் இரண்டு அணுக்கள் இணைந்திருக்கும். அங்கேயோ சூரியனின் புற ஊதாக் கதிர்கள் அந்தப் பிணைப்பை உடைத்துவிடுகின்றன. தனித்த அணு, எதிர்ப்படும் பொருளோடு வினைபுரியத் துடிக்கும். போதாக்குறைக்கு, விண்கலம் விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அணுக்கள் மீது மோதுகிறது.

இதன் விளைவை நாசாவின் ‘எல்டெஃப்’ கலம் காட்டியது. பேருந்து அளவிலான அந்தக் கலம், 57 சோதனைகளுடன் 1984 ஏப்ரலில் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. ஏறக்குறைய ஓராண்டில் மீட்பதாகத் திட்டம். ஆனால் பயண அட்டவணை மாறியது; பிறகு 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியது. 1990 ஜனவரியில்தான் கொலம்பியா விண்ணோடம் அதைப் பிடித்தது. உயரம் அதற்குள் 330 கிலோமீட்டராகக் குறைந்திருந்தது. மேலும் தாமதித்திருந்தால் வளிமண்டலத்தில் எரிந்து, பாடம் முழுவதும் சாம்பலாகியிருக்கும்.

பயணத் திசையை நோக்கிய முகத்தில் இருந்த மெல்லிய கேப்டான் படலங்களைக் காணவில்லை! கேப்டான் என்பது விண்கலங்களில் பயன்படும் பொன்னிற நெகிழி. கால்குலேட்டரை எடுங்கள். அந்த முகத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ 9 × 10²¹ அணுக்கள் தாக்கின. ஓர் அணு அரிக்கும் கேப்டான் 3 × 10⁻²⁴ கன சென்டிமீட்டர். பெருக்கினால் 0.027 சென்டிமீட்டர், அதாவது கால் மில்லிமீட்டருக்கும் மேல். படலமோ அதைவிட மெல்லியது. அதிலிருந்த கார்பன், வாயுவாகிப் பறந்துவிட்டது.

அலுமினியம் தப்பியது. காரணம் உங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது: அதன் மேல் ஆக்சைடு படலம் கெட்டியாக ஒட்டிக்கொள்கிறது. வெள்ளியின் ஆக்சைடோ செதில் செதிலாக உதிர்ந்து, புதிய வெள்ளியைத் தாக்குதலுக்குக் காட்டிக்கொடுக்கும்.

சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா? முடியாது. அதனால்தான் அனைத்துலக விண்வெளி நிலையத்தின் சூரியத் தகடுகளைத் தாங்கும் கேப்டான் மீது சிலிக்கன் ஆக்சைடு பூசினார்கள். மணலின் உறவுக்காரப் பொருள் அது. ஏற்கெனவே உயிர்வளியோடு சேர்ந்துவிட்டது.

பூச்சில் ஊசிமுனைத் துளை இருந்தால்? எல்டெஃப்பில் அதையும் பார்த்தார்கள். அலுமினியப் பூச்சின் நுண்துளை வழியே நுழைந்த அணுக்கள், அடியிலிருந்த நெகிழியைக் குடைந்துவிட்டன. மேலே பூச்சு மட்டும் பள்ளத்தின் மீது விரித்த தாள்போல் நின்றது.