சர்க்கரைப் பூ உதிராமல் நிற்பது எப்படி?

பிறந்தநாள் கேக்கின் பக்கவாட்டில் அழகாக ஒட்டிய சர்க்கரைப் பூ, விழா தொடங்குமுன்னே நழுவி விழுந்துவிடுகிறது. குண்டூசி குத்தி நிறுத்தலாமா? கூடவே கூடாது! உண்பவர் தொண்டையில் அது சிக்கிவிடும். சர்க்கரையையே பசையாக்குவதுதான் வழி.

ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு சர்க்கரைக் கட்டிகளுக்கு இடையே ஒரு துளி நீர் விட்டு அழுத்தி வையுங்கள். வேறு இரண்டு கட்டிகளுக்கு இடையே எண்ணெய் தடவுங்கள். மறுநாள் பாருங்கள். முதல் இணை ஒட்டியிருக்கும். இரண்டாவது எளிதில் பிரிந்துவிடும்.

காரணம் என்ன? 20° செ. வெப்பநிலையில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். நீர்த்துளி இரு பரப்புகளையும் சிறிது கரைக்கிறது. நீர் ஆவியானதும், கரைந்த சர்க்கரை மீண்டும் படிகமாகி இரண்டையும் பிணைக்கிறது. எண்ணெயிலோ சர்க்கரை கரையாது.

கேக் செய்வோர் பயன்படுத்தும் 'ராயல் ஐசிங்' என்னும் பசை, நன்கு பொடித்த சர்க்கரையும் முட்டையின் வெண்கருவும் சேர்த்து அடித்த கலவையாகும். வெண்கருவில் சுமார் 90 சதவீதம் நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். பசை காயும்போது படிகங்களுக்கிடையே புரதம் படலமாகி உறுதி தருகிறது. பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஆகவே பாஸ்டர் முறையில் பதப்படுத்திய வெண்கருத் தூளே நல்லது.

வெண்ணெய்ப் பூச்சின்மேல் இப்பசை சரியாகப் பற்றாது. ஏன் என்பதை உங்கள் எண்ணெய்ச் சோதனையே சொல்லும்!

இன்னொரு எச்சரிக்கை: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கேக்கின்மேல் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியும். ஒட்டவைத்த நீரே அப்போது பிரித்தும் விடும்!