உழுவை மகசீர் அல்ல

அன்புள்ள கதிருக்கு,

மல்பே பக்கம் போய்க் கரையில் நின்றபடியே உழுவை பிடிக்க ஆசை என்று எழுதியிருந்தாய். கிட்டார் வடிவில், முன்பாதி திருக்கையாகவும் பின்பாதி சுறாவாகவும் தோன்றும் மீன். ஆசை வருவது இயல்புதான். காவிரியில் மகசீரைப் பிடித்துவிட்டு மீண்டும் ஆற்றில் விட்டதுபோல இதையும் விட்டுவிடலாம் என்பது உன் வாதம். அதில் வலு இருக்கிறது. 1972இல் தொடங்கிய பெங்களூரின் 'வாசி' போன்ற தூண்டில்காரர் சங்கங்கள் காவிரிக் கரையில் இருந்தவரை, வெடிவைத்து மீன்பிடிப்பவர்கள் அங்கே வரத் தயங்கினார்கள். ஆனால் மகசீர் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் எலும்பு மீன். உழுவைக்கு இருப்பது குருத்தெலும்பு. வயிற்றில் சுமந்து சில குட்டிகளையே ஈனும். மணலில் இழுத்துப் போட்டால் அதன் எடையே உள்ளுறுப்புகளை அழுத்தும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகுத்தண்டு பாதிக்கப்படும். சினையுற்ற சுறாவும் திருக்கையும் பிடிபட்ட அதிர்ச்சியில் குறைமாதக் குட்டிகளை ஈன்றுவிடுவது ஆய்வாளர்கள் பதிவுசெய்த உண்மை. நீந்திப் போய்விட்டது என்று நீ மகிழும் தாயின் அந்த ஆண்டுக் குட்டிகள் மணலிலேயே போயிருக்கலாம்.

"இழுவைமடி அள்ளுவதற்கு முன்னால் என் ஒரு தூண்டில் எம்மாத்திரம்?" என்று கேட்பாய். உண்மை, பெரிய அழிவு வலையால்தான். 2019இல் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் மதிப்பிட்டபோது, பெரிய உழுவைகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளுமான 16 இனங்களில் 15 அழிவின் விளிம்பில் இருந்தன. ஆனால் இழுவைமடியில் உழுவை பெரும்பாலும் தற்செயலாகச் சிக்குகிறது. நீயோ தேடிப் போகிறாய், அதுவும் பல இனங்கள் குட்டி ஈன வரும் ஆழமற்ற கரையோரத்துக்கு. சட்டமும் இருக்கிறது: 2001இல் ஒரு பெரிய உழுவை இனம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது; அதைப் பிடிப்பதே குற்றம். இந்த மீன்களை இனம் பிரித்தறிய நிபுணர்களே திணறுகிறார்கள். அலையடிக்கும் கரையில் நீ எப்படிப் பிரிப்பாய்?

ஆகவே உழுவைக்கென்று தூண்டில் போடாதே. வேறு மீனுக்குப் போட்டதில் அதுவாக வந்து மாட்டினால், முழங்கால் தண்ணீரிலேயே வைத்துக்கொள். முள் எளிதில் கழன்றால் கழற்று. இல்லையேல் முள்ளை ஒட்டித் தூண்டில் நரம்பை வெட்டிவிடு. சீக்கிரம் துருப்பிடிக்கும் சாதாரண இரும்பு முள்ளையே கொண்டு போ, மும்முள் வேண்டாம். படம் வேண்டுமென்றால், தண்ணீருக்குள் இருக்கும்போதே நண்பனை ஒன்று எடுக்கச் சொல்.

அன்புடன்,
மாமா