இருபத்தாறு நிமிடப் படம்

நீங்கள் சினிமா பார்த்திருப்பீர்கள். இரண்டரை மணி நேரம் ஓடும். பாட்டு வரும். சண்டை வரும். நடுவில் இடைவேளை விடுவார்கள். எழுந்து போய் முறுக்கு வாங்கி வருவோம்.

சில படங்கள் அவ்வளவு நேரம் ஓடுவதில்லை. பத்து நிமிடத்தில் முடியும். அரை மணியில் முடியும். இவற்றைக் குறும்படம் என்கிறோம். இத்தனை நிமிடம்தான் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு இல்லை. அமெரிக்காவில் தரும் ஆஸ்கார் விருதுக்கு ஒரு கணக்கு உண்டு. படம் 40 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

சினிமா பிறந்தபோது எல்லாமே குறும்படம்தான். 1896-இல் பம்பாயில் முதல் முதலாகப் படம் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடமே ஓடியது.

அப்படியானால் பெரிய படத்தை வெட்டிச் சுருக்கினால் குறும்படம் ஆகிவிடுமா? ஆகாது. ஒரு படத்தைப் பார்ப்போம்.

உத்தரப் பிரதேசத்தில் ஹாப்பூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே காத்திக்கேரா என்று ஒரு கிராமம். அந்தக் கிராமத்தில் எடுத்த படம் 2018-இல் வந்தது. ஓடும் நேரம் 26 நிமிடம். இயக்கியவர் ரைக்கா ஜெதாப்சி என்ற பெண். படத்தின் பெயர் 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்'. இது கட்டுக்கதை அல்ல. ஊர் மக்களே படத்தில் பேசுகிறார்கள்.

மாதவிலக்கு என்றால் என்ன? இதுதான் முதல் கேள்வி. பெண்கள் சிரிக்கிறார்கள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வாய் திறப்பதில்லை. ஆண்களிடம் கேட்டால், அது ஏதோ நோய் என்கிறார் ஒருவர். பதில் வராத அந்த நேரத்தைப் படம் வெட்டி எறியவில்லை. மொத்தமே 26 நிமிடம். அதில் மௌனத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்! படத்தில் மிகப் பெரிய இடம் இதுதான் என்பேன். துணி மாற்றுவது பெரும் பாடாக இருந்ததால் பள்ளியையே விட்ட பெண்ணும் பேசுகிறாள்.

பிறகு ஊருக்கு நாப்கின் செய்யும் இயந்திரம் வருகிறது. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் உருவாக்கிய இயந்திரம் அது. பெண்கள் வேலை கற்கிறார்கள். செய்ததைக் கொண்டு போய் விற்கிறார்கள். கையில் காசு வருகிறது. காவல்துறையில் சேர வேண்டும் என்கிறாள் ஓர் இளம்பெண்.

அவ்வளவுதான் படம். அந்த ஊரில் கடன் இல்லையா? வாய்க்கால் சண்டை இல்லையா? எல்லாம் இருக்கும். அவை உள்ளே வரவில்லை. அஞ்சலட்டை எழுதுவது போலத்தான் இது. இடம் கொஞ்சம். எதை எழுதாமல் விடுவது என்று முதலில் யோசிக்க வேண்டும்.

2019 பிப்ரவரியில் இந்தப் படத்துக்கு ஆஸ்கார் விருது கிடைத்தது.

குறும்படத்துக்குச் செலவு குறைவு. பெரிய நடிகர் வேண்டாம். ஆனால் முன்பு அதைக் காட்ட இடம் கிடைப்பது கடினம். மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த சின்னப் படங்களைத் திரையரங்கில் பெரிய படத்துக்கு முன்னால் காட்டினார்கள். பலரும் அப்போதுதான் உள்ளே நுழைவார்கள்! இன்று கைப்பேசியிலேயே படம் எடுக்கலாம், பார்க்கலாம்.

பேசுவோம்:
உங்கள் ஊரில் யாரும் வாய் திறந்து பேசாத சங்கதி எது? அதைப் பற்றிப் பத்து நிமிடப் படம் எடுத்தால் முதலில் யாரிடம் கேள்வி கேட்பீர்கள்? எதை விட்டுவிடுவீர்கள்?