வன்னி நிலத்துத் தாவரங்களும் காட்டு நெல்லும்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளைக் கொண்ட வன்னிப் பெருநிலம் இலங்கையின் வறள் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரை பெய்யும். மே முதல் செப்டெம்பர் வரை கோடை நீடிக்கும். இக்கோடையைத் தாங்கவல்ல பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய மரங்களே இங்கு காடாக வளர்ந்துள்ளன. ஆற்றங்கரைகளிலும் குளக்கரைகளிலும் மருது காணப்படும்.

ஒரு நாட்டிற்கே உரிய இனங்கள்

ஒரு நாட்டிலன்றி வேறெங்கும் இயற்கையாக வளராத இனம் அந்நாட்டிற்கே உரிய இனம் எனப்படும். இலங்கையிற் பூக்குந் தாவர இனங்களுள் ஏறக்குறைய நாலிலொரு பங்கு இத்தகையன. அவற்றுட் பெரும்பாலானவை ஈரவலயத்திலும் மலைநாட்டிலுமே உள்ளன. மேற்கூறிய வன்னி மரங்களோ தென்னிந்தியாவிலும் உண்டு. இரு கரைகளின் காலநிலையும் பெரிதும் ஒத்தது. மேலும், பனியூழிக் காலங்களிற் கடல்மட்டம் தாழ்ந்தபோது ஆழங்குறைந்த பாக்கு நீரிணை நிலமாக இருந்தமையால் விதைகள் தடையின்றிப் பரவின. ஈரவலயம் வறண்ட நிலத்தாற் பிரிக்கப்பட்டுத் தனித்து நின்றமையால் அங்கு புதிய இனங்கள் பல தோன்றின.

எனவே, வறள் வலயத்தில் மட்டும் வளரும் இனங்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று நெல்லின் உறவினம் என்பது கமக்காரர் அறியவேண்டியதொன்று.

வறள் வலயக் காட்டு நெல்

இலங்கையில் ஐந்து காட்டு நெல்லினங்கள் உள. அவற்றுள் ஒரைசா றைசோமற்றிஸ் என்பது உலகில் வேறெந்நாட்டிலும் இல்லை. 1990 இல் டங்கன் வோகன் என்னும் அறிஞர் அதனைத் தனியினமாக விவரித்துப் பெயரிட்டார். கோடையில் இதன் மேற்பகுதி காய்ந்தாலும், மண்ணுள்ளிருக்கும் வேர்த்தண்டுக்கிழங்கு உயிரோடிருந்து, மாரி மழையுடன் மீண்டும் தளிர்க்கும்.

இதன் மணிகள் முதிர்ந்ததும் உதிர்வதால் அறுவடைக்கு உதவா. ஆயினும் காட்டு நெல்லின் பயன் வேறு. 1970ஆம் ஆண்டுகளில் ஆசிய நாடுகளின் நெல்லை ஒருவகைக் குட்டை வைரசு நோய் தாக்கியது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான நெல்வகைகளைச் சோதித்தனர். உத்தரப் பிரதேசத்திற் சேகரித்த ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லிலேயே எதிர்ப்புச் சத்தி கிடைத்தது. 1976 இல் வெளியான ஐ.ஆர். 36 நெல்லிலும் அப்பண்பு சேர்க்கப்பட்டது. ஒரைசா நிவாரா இலங்கையிலும் வளர்வதே. கோடையைத் தாங்கும் றைசோமற்றிசைப் பயிர்நெல்லுடன் கலப்பது எளிதன்று. ஆயினும் அதன் பண்புகள் நாளைய நெல்லுக்குத் தேவைப்படலாம்.

கமக்காரர் கவனத்திற்கு

வயலுள் முளைக்கும் களைநெல் வேறு. அதனைப் பிடுங்கியே ஆகவேண்டும். ஆனால் வயலுக்குப் புறத்தே, பற்றைக்காட்டு ஓரங்களிலும் கோடையில் வற்றும் நீர்நிலைகளின் அருகிலும் மண்ணுட் கிழங்குடன் நிற்கும் நெற்புல்லைக் கண்டால், அவ்விடத்திற் களைகொல்லி தெளிப்பதையும் தீயிடுவதையும் நிறுத்தி, விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் நன்று. அதனை வயலில் நடுதல் கூடாது.

விதையைக் களஞ்சியத்திற் குளிரூட்டிக் காக்கலாம். ஆயினும் ஆண்டுதோறும் வரும் கோடையை எதிர்கொண்டு செடி தன்னைத் திருத்திக்கொள்வது அது பிறந்த நிலத்திலேயாகும். இங்கு அழிந்தால் வேறெந்நாட்டுக் காட்டிலிருந்தும் அதனை மீளப் பெறுதல் இயலாது.